வடிவு அளக்கிறவள்

தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே எம்.எஸ்ஸி. முடித்து, சண்டை ஓய்ந்தபின் அம்மாவோடு கடல் தாண்டித் தோட்டவெளிக்குத் திரும்பியபோது என் வாயில் இருந்தது இந்தியத் தமிழ். ‘ஆமா’ என்றால் சிரிப்பார்கள். ‘போறேன்’ என்றால் பின்னால் நின்று அதேபோலச் சொல்லிக் காட்டுவார்கள். சொந்த ஊர் எனக்குத் தந்த வரவேற்பு அதுதான். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் ஊர்ச் சொல்லாக மாற்றிப் பேசப் பழகினேன்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலில் அகஸ்ரினா மாமி மறித்தார்.

“பிள்ளை ஜெனிஸ்ரா, நீ அங்க என்னதான் படிச்சனி?”

டிஎன்ஏயின் வடிவங்களை அளப்பதுதான் என் ஆராய்ச்சி. ‘வடிவம்’ என்றால் இந்தியாக்காரி என்று சிரிப்பார்களோ எனப் பயந்து அந்தச் சொல்லின் வாலை வெட்டினேன்.

“டிஎன்ஏயின்ர வடிவு அளக்கிறது, மாமி.”

இங்கே வடிவு என்றால் அழகு. மாமியின் கண் அகன்றது. மறுநாள் பார்த்தால், இரத்தத்தில் அழகை அளக்கிறவள் என்று ஊர் முழுக்க என் பெயர்.

மாமி யாரென்றால், றொஷானின் தாய். றொஷான் யாரென்றால், யார் மறித்தாலும் என்னைத்தான் கட்டுவேன் என்று மாதாவின் பேரில் சத்தியம் செய்தவன். வீட்டில் மட்டும் இன்னும் சொல்லவில்லை. “நேரம் பாத்துச் சொல்லுறன்” என்பான். நேரத்துக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் நம்பினேன். அவ்வளவு பிடிக்கும் அவனை.

போன கிழமை மாமி எங்கள் தகரக் கொட்டிலுக்கே வந்தார். கதிரையில் இருந்ததும் கைப்பையிலிருந்து, சிறு பொட்டலமாய் மடித்த மூன்று கடதாசிச் சரைகளை எடுத்துப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு நீளத் தலைமயிர்.

“றொஷானுக்கு மூண்டு கலியாணப் பேச்சு வந்திருக்கு. பவுடர் பூசி வந்து நிண்டா எல்லாரும் வடிவுதான். உள்வடிவு ஆருக்குக் கூட எண்டு நீ அளந்து சொல்லு பிள்ளை.”

‘என் றொஷானுக்கா?’ என்று கத்த நினைத்தேன். வாய்தான் பழக்கத்தில் பாடம் நடத்தியது.

“மாமி, நான் அளக்கிறது அந்த வடிவில்லை. கிருமிக்குள்ள ஒரு டிஎன்ஏ இருக்கு, றப்பர் வளையம் மாதிரி. அது இறுக்கி முறுகி இருக்கும். ஒரு இடத்தில கீறல் விழுந்தா முறுக்கு விட்டுத் தளந்திடும். அறுந்தா நூலாகும். கடற்பாசியில செய்த களிக்குள்ள வைச்சுக் கரண்டு குடுத்தா, முறுகினது முன்னுக்கு ஓடும், அறுந்தது நடுவில வரும், தளந்தது பின்னுக்கு நிக்கும். எது எவ்வளவு எண்டு அதில பாக்கிறது. மூண்டும் ஒரே டிஎன்ஏதான்.”

மாமி பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப முன்னுக்கு ஓடுறதுதான் வடிவு கூட. சரி, உந்த மூண்டையும் ஓட விடு.”

செவிடன் காதில் ஊதிய சங்கு.

“இதை என்னட்டக் கொண்டரச் சொல்லி ஆர் மாமி சொன்னது?”

“றொஷான்தான். பொம்பிளை பாக்கப் போன மூண்டு வீட்டிலயும் மயிரைக் கேட்டு வாங்கினதும் அவன்தான். ‘ஜெனிஸ்ராட்டக் குடுங்கோ, அவள் பொய் சொல்லமாட்டாள்’ எண்டவன். வெளியில நிக்கிறான், கூப்பிடட்டே?”

நேரம் பார்த்துச் சொல்லுகிறேன் என்றவன், சொல்ல வேண்டியதைத் தாயின் கைப்பையில் போட்டு அனுப்பியிருந்தான். அழுகைதான் வந்தது. அதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

“மூண்டும் நல்ல வடிவு மாமி. மாப்பிள்ளையின்ர மயிரும் வேணும். அதை நானே புடுங்கிறன்.”

எழும்பி வெளியே போனேன். வேலிக்கு அப்பால் மோட்டார் சைக்கிளில் இருந்த றொஷான் என் முகத்தைக் கண்டான். வண்டியை உதைத்துக் கிளப்பினான், கைப்பிடியை ஒரே முறுக்காக முறுக்கினான். பெற்ற தாயைக்கூட ஏற்றாமல் புழுதிக்குள் மறைந்தான்.

மாமி வாசலுக்கு ஓடி வந்தார்.

“என்ன பிள்ளை, இவன் இந்த ஓட்டம் ஓடுறான்?”

“முறுகினது முன்னுக்கு ஓடும் எண்டு சொன்னனான்தானே, மாமி. அளந்து முடிஞ்சுது. இந்தாங்கோ உங்கட சரையள்.”