ஒன்பது நாள் பள்ளம்

அந்த வரைபடத்தை வரைந்தது நான்தான். பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. என் குழுவில் மரிசோல் வண்ணம் தேர்ந்தெடுத்தாள், காலெப் எழுத்துப்பிழை பார்த்தான். பள்ளத்தைக் கண்டுபிடித்து, அதற்கு விளக்கமும் எழுதிய மகராசி நான். இன்றைக்கும் அந்தக் கோடு கண்ணில் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

சிகாகோவில் வணிகப் படிப்பின் கடைசி வருடம். ‘நிலைத்த வளர்ச்சி’ என்று ஒரு பாடம், எல்லோரும் கட்டாயம் எடுக்க வேண்டும். முதல் நாளே பேராசிரியர் லண்டீன் மேடம் பலகையில் மூன்று வட்டம் போட்டார். ஒன்று லாபம், ஒன்று இயற்கை, ஒன்று மனிதர்கள். மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் நல்ல நிறுவனம் நிற்கும் என்றார். நான் அதை அழகாகக் குறிப்பேட்டில் வரைந்து, மூன்றாவது வட்டத்துக்கு மஞ்சள் வண்ணம்கூட அடித்தேன்.

அந்தப் பாடத்துக்குப் பரீட்சை கிடையாது. நிஜமான ஒரு நிறுவனம் தன் நிஜமான கணக்குகளைக் கொடுக்கும். நாங்கள் நான்கு குழுக்களாகப் பிரிந்து ஆலோசனை சொல்ல வேண்டும். ஆனால் பெயர் சொல்ல மாட்டார்கள். என்ன நிறுவனம், எந்த ஊர், எல்லாம் ரகசியம். அட்டைப்பெட்டிக் காகிதம் செய்யும் நான்கு ஆலைகள், அவ்வளவுதான் தெரியும். ஏ, பி, சி, டி. கடைசி நாளன்று நிறுவனத்துக்காரர்கள் நேரில் வரும்போதுதான் பெயர் வெளியே வரும். அதுதான் வழக்கம்.

சி ஆலையில் பழைய நிலக்கரி பாய்லர் ஒன்று இருந்தது. ஒரு டன் காகிதத்துக்கு அது கக்கும் புகை மற்ற மூன்றையும் விட இரண்டு மடங்கு. அந்த பாய்லரை என்ன செய்வது என்பதுதான் எங்களிடம் கேட்ட கேள்வி. மாற்றலாமா, ஆலையையே மூடலாமா?

“மாத்திட்டாப் போச்சு,” என்றான் காலெப். “இதுல என்ன பெரிய ஆலோசனை வேண்டிக்கிடக்கு?”

“எல்லாக் குழுவும் அதைத்தான்டா சொல்லும்,” என்றேன். “நாம ஜெயிக்க வேணாமா?”

ஜெயிக்க வேண்டும் என்கிற அரிப்பு எனக்கு. ஐந்து வருட உற்பத்திக் கணக்கை நாள் நாளாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் பள்ளம் தெரிந்தது. ஒவ்வொரு வருடமும் நவம்பர் கடைசியில், சரியாக ஒன்பது நாள், சி ஆலையின் உற்பத்தி பாதியாக விழுகிறது. மற்ற ஆலைகளில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விடுமுறையான வியாழன் ஒரு நாள் மட்டும் சரிவு. சி ஆலையில் ஒன்பது நாள். அதற்கு முன்னால் அக்டோபரில் கண்டபடி எகிறுகிறது.

“அடியாத்தி, ட்ரூடி!” என்று மரிசோல் என் முதுகில் ஒன்று வைத்தாள். “இதை எவனும் பாத்திருக்க மாட்டான்.”

அவள் மயாமிக்காரி. காலெப் ஃபீனிக்ஸ். அந்த ஒன்பது நாள் என்னவென்று அவர்களுக்குத் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. நான் வடக்கு விஸ்கான்சின்காரி. மோரன் ஃபால்ஸில் பிறந்து வளர்ந்தவள். பன்னிரண்டு வயதில் முதல் மானைச் சுட்டவள். எனக்குத் தெரியாமல் போனதை நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தேங்க்ஸ்கிவிங்குக்கு புதன்கிழமைதான் ஊருக்குப் போனேன். வேட்டை தொடங்கும் முதல் சனிக்கிழமையை நான் தவறவிட்டது அதுவே முதல் தடவை. அம்மா நோரீன் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டி, உன் வேட்டைக்கான ஆரஞ்சுச் சட்டை ஆணியில தொங்குது, பாத்தியா? நாலு நாளா உன்னத்தான் கேக்குது.”

“ரிப்போர்ட் முடிக்கணும்மா. திங்கட்கிழமை கொடுக்கணும்.”

“ரிப்போர்ட் எங்க ஓடிடப் போவுது? மான்தான் ஓடும்.”

“அக்டோபர் முழுக்க போன் பண்ணா நீ எடுத்தியா? நீ மட்டும் பிஸி, நான் பிஸியா இருக்கக் கூடாதா?”

“டபுள் ஷிஃப்டுடி. வருஷா வருஷம் தெரிஞ்சதுதானே,” என்றாள் அம்மா. தெரிந்ததுதான். சின்ன வயதிலிருந்து தெரியும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஊரில் உள்ள காகித ஆலையில்தான் வேலை. அக்டோபரில் இருவரையும் வீட்டில் பார்க்கவே முடியாது. அப்படி உழைத்துச் சேர்த்துவைத்துவிட்டுத்தான் நவம்பரில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவார்கள். ஊரே போகும். பள்ளிக்கூடம்கூட திறக்காது. இதெல்லாம் என் ரத்தத்தில் இருக்கிறது. தாளில் கோடாக வந்தபோது மட்டும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சமையல் மேசையில் உட்கார்ந்து அந்தப் படத்துக்குத் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா ரஸ் உள்ளே வந்தார். தலையிலிருந்து கால் வரை ஆரஞ்சு. பூட்ஸில் பனி. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா இது, ரோடு போடாத ஊரு மாதிரி ஏறி எறங்குது?”

“ஒரு ஆலைப்பா. நவம்பர் வந்தா பாதிப் பேர் வேலைக்கே வர்றதில்ல. சோம்பேறிக் கூட்டம்.”

அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். “அப்படிப்பட்டவங்கள எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதானே!”

நானும் சிரித்தேன். அம்மா மான்கறி சூப் ஒரு கிண்ணம் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அதைக் குடித்துக்கொண்டே பதினோராம் பக்கத்தில் எழுதினேன்: ‘சி ஆலையின் தொழிலாளர்களை நம்ப முடியாது. அங்கே புதிய பாய்லர் போடுவது வீண். ஆலையை மூடி, உற்பத்தியை ஏ ஆலைக்கு மாற்றுவதே நிலைத்த தீர்வு.’ எப்பேர்ப்பட்ட வாக்கியம்! இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

திங்கட்கிழமை அறிக்கையைக் கொடுத்தோம். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை மேடையேறி விளக்கும் நாள். மற்ற மூன்று குழுக்களும் காலெப் சொன்னபடியே பாய்லரை மாற்றச் சொல்லி முடித்திருந்தன. நாங்கள் கடைசி. லண்டீன் எழுந்தார்.

“நாலாவது குழு பேசறதுக்கு முன்னாடி நம்ம விருந்தாளி வந்துட்டார். இவ்வளவு நாளா யாரு யாருன்னு கேட்டீங்களே, இவங்கதான்.”

உள்ளே வந்தவர் கெட்டரிங் என்ற துணைத் தலைவர். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. மேல்சட்டையின் மார்பில் நீல வளையத்துக்குள் ஒரு தேவதாரு மரம். அந்த மரம் எங்கள் வீட்டில் ஆணியில் தொங்கும் அப்பாவின் வேலைச் சட்டையில் இருக்கிறது. அம்மாவின் தொப்பியில் இருக்கிறது. அப்பா காப்பி குடிக்கும் குவளையில் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு எங்கள் ஊர் ஆலையை வாங்கிய நிறுவனம் அது, ஹார்ன்விக்.

நான்கு ஆலைகள். பழைய நிலக்கரி பாய்லர். நவம்பர். ஒன்பது நாள்.

‘ஐயோ’ என்று வாயிலிருந்து வந்தே விட்டது. மரிசோல் திரும்பினாள்.

“என்னடி ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி இருக்க?”

“சி எங்க ஊருடி.”

“எது?”

“சி ஆலை. எங்கம்மா அப்பா வேலை பாக்கற இடம். அந்த ஒன்பது நாள் மான் வேட்டைடி. சோம்பேறித்தனம் இல்ல. மான் வேட்டை!”

காலெப் அதற்குள் மேடை ஏறி முதல் பக்கத்தைத் திரையில் போட்டுவிட்டான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. உற்சாகமாகப் பேசிக்கொண்டே போய், “அடுத்து, எங்க குழுவோட கண்டுபிடிப்பு, ட்ரூடி சொல்வா,” என்று கையை நீட்டினான். திரையில் என் பள்ளம், சிவப்பில், ஐந்து வருடத்துக்கு ஐந்து பள்ளம்.

எப்படியோ எழுந்து நின்றேன்.

“இது தப்பு,” என்றேன்.

காலெப் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“இது மான் சீசன் சார். விஸ்கான்சின்ல நவம்பர் கடைசியில ஒன்பது நாள். ஊர்ல எல்லாரும் காட்டுக்குப் போவாங்க. அதுக்காக அக்டோபர்ல டபுள் ஷிஃப்ட் பாத்து முன்கூட்டியே செஞ்சு வெச்சிடுவாங்க. இங்க ஏறுறது அதுதான். மரிசோல், வருஷத்து மொத்தத்தக் கூட்டு. சீக்கிரம்!”

மரிசோலின் விரல்கள் பறந்தன. “மொத்த உற்பத்தியில நாலு ஆலையில சிதான் ரெண்டாவது,” என்றாள். “அஞ்சு வருஷமும்.”

இத்தனை வாரமாக அந்த ஒரு கூட்டலை நாங்கள் யாருமே போட்டுப் பார்க்கவில்லை. பள்ளம் அவ்வளவு அழகாக இருந்தது.

கெட்டரிங் மெல்லத் தலையாட்டினார். கோபமே இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

“அப்படியா? நல்ல விவரம்தாம்மா. ஆனா உங்க அறிக்கை போன வாரமே எங்க கைக்கு வந்துடுச்சு. எங்க இயக்குநர்கள் பாய்லரா, மூடலாமான்னு ரெண்டு பக்கமா நின்னாங்க. நாலு அறிக்கையில மூணு பாய்லர்னுதான் சொல்லுச்சு. உங்க பதினோராம் பக்கத்தைப் பாத்ததும் முடிவாயிடுச்சு. இன்னிக்குக் காலையில அந்த ஊர்ல அறிவிச்சாச்சு.”

“நிறுத்துங்க சார்! தப்புன்னு நானே சொல்றேன்ல?”

“நீங்கதானே எழுதினீங்க?” என்றார், நிஜமாகவே புரியாமல் கேட்பவர் போல.

லண்டீன் மேடம் குறுக்கே வந்தார். “இது மாணவர்களோட வேலைங்க. இது பாடம். இதை வெச்சு ஒரு ஆலையை யாராவது மூடுவாங்களா?” என்றார்.

“பல்கலைக்கழகத்தோட முத்திரை இருக்கே மேடம்,” என்றார் கெட்டரிங்.

அப்புறம் அவர் எங்களுக்குப் பரிசு கொடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கொடுத்தார். முதலிலேயே கொண்டுவந்துவிட்டாராம். மூன்று மூங்கில் தண்ணீர் பாட்டில், நீல வளையத்துக்குள் தேவதாரு மரம் போட்டது. காலெப் வாங்கவில்லை. மரிசோல் மேசையிலேயே விட்டுவிட்டாள். நான் ஏன் அதைக் கையில் வாங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நடைபாதைக்கு ஓடிவந்து போனை எடுத்தேன். அம்மாவிடமிருந்து ஏழு அழைப்புகள். எட்டாவது அப்போதே வந்தது.

“ட்ரூடி, ஆலைய மூடறாங்களாம்டி,” என்றாள். பின்னால் ஏகப்பட்ட சத்தம். ஆலையின் வாகன நிறுத்துமிடத்தில் நிற்கிறாள் போலிருந்தது. “எல்லாரையும் கூப்ட்டு நிக்க வெச்சு ஒரு பேப்பரப் படிச்சான் ஒருத்தன். முன்னூத்திப் பன்னெண்டு பேரு. வேலை வசந்தம் வரைக்கும்தானாம்.”

“அம்மா…”

“கேளுடி. ஏதோ காலேஜ்காரங்க ரிப்போர்ட்டாம். நாங்க நவம்பர்ல வேலைக்கு வர்றதில்லையாம், நம்ப முடியாத ஆளுங்களாம். எந்த வெளங்காத ஜென்மம் எழுதுச்சோ! மான் சீசன்னா என்னன்னு தெரியாத ஊர்ல பொறந்திருக்கும். அக்டோபர்ல என் இடுப்பு ஒடிஞ்சது அந்தக் கழுதைக்குத் தெரியுமா?”

நான் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

“இரு, இன்னும் சொல்லி முடிக்கல. நாளைக்கு ஆறு மணிக்கு சர்ச் ஹால்ல யூனியன் கூட்டம். உங்கப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. ‘எம்பொண்ணு இதைத்தான் படிக்கிறா, அவ வந்து அந்த ரிப்போர்ட்டக் கிழிச்சுத் தொங்க விடுவா’ன்னு. எல்லாரும் கை தட்டிட்டாங்க. வந்துடுவ இல்ல?”

“அப்பாகிட்ட போனைக் குடும்மா.”

“என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“குடும்மா!”

அப்பா வந்தார். “சொல்லும்மா.” மூச்சு வாங்கியது. அறுபது வயது அவருக்கு. வேறு வேலைக்கு யார் எடுக்கப் போகிறார்கள்?

“அப்பா, தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் சமையல் மேசையில ஒரு படம் பாத்தீங்களே. ஏறி எறங்குமே.”

“ஆமா. அதுக்கு என்ன?”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் சத்தங்கள் கேட்டன. யாரோ அழுதார்கள், யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். பிறகு அப்பா ஆட்களிடமிருந்து விலகி நடப்பது கேட்டது.

“அது நாமளா?” என்றார்.

“ஆமாப்பா.”

“வீட்டுக்கு அனுப்புன்னு நானும் சொன்னேனே,” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “சிரிச்சுக்கிட்டே சொன்னேனே.”

“அப்பா, நான்தாம்பா எழுதினேன். நீங்க இல்ல, நான்தான்…”

அழுகையில் எனக்கு வார்த்தை உடைந்து போயிற்று. அவர் அழ விட்டார்.

“உங்கம்மாகிட்ட இப்ப சொல்லாத,” என்றார் கடைசியில். “நாளைக்கு ஆறு மணிக்குக் கூட்டம். வந்துடு. உங்கம்மா முன்னாடி, எல்லார் முன்னாடியும், நீயே சொல்லு. அந்தப் படத்தையும் எடுத்துட்டு வா.”

போனை வைத்துவிட்டார். படம் இருந்த மடிக்கணினியை எடுக்க நான் மறுபடியும் அந்த அறைக்குள் போக வேண்டியிருந்தது.