மூன்று வரி வருத்தம்

எங்கள் பத்திரிகையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆசிரியர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் ‘ஏனக்கா’. எதைச் சொன்னாலும் ‘ஏன்’ என்று ஒரு கேள்வி வரும். டீ ஆறிவிட்டது என்றாலும் ஏன், அமைச்சர் பதவி விலகினார் என்றாலும் ஏன். வெளிநாட்டுச் செய்தியாளருக்கு அந்த ஒரு சொல்லே போதும் என்று பழைய ஆசிரியர் அவரைத் தூக்கிவைத்துப் பேசுவார். புதிய ஆசிரியருக்கு அதுவே தலைவலி. நான் வெளிநாட்டுப் பக்கத்தைத் திருத்தி அச்சுக்கு அனுப்புகிறவன். இதில் கொஞ்சம் நான் கண்ணால் கண்டது. மீதி அவர் சொல்லக் கேட்டது.

மலையைக் குடைந்து ரயில் விடும் சுரங்கப்பாதை ஒன்றை ஒரு நாட்டு அரசு கட்டி முடித்திருந்தது. திறப்பு விழாவுக்குச் சில வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்களையும் விருந்தாளிகளாக அழைத்தார்கள். விழாவுக்கு முன்பே ஒரு பேச்சு கசிந்திருந்தது. மேற்கு வாயில் பக்கம் மலை இறங்கிவிட்டது, உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வெளியே வரவில்லை என்று. மண் சரிந்தது உண்மைதான், ஆனால் அன்று விடுமுறை, உள்ளே இயந்திரங்கள் மட்டுமே இருந்தன என்றது அரசு.

“போங்க, விழாவ எழுதுங்க, வாங்க,” என்றார் ஆசிரியர். “அந்த வதந்திய நோண்ட வேணாம்.”

“ஏன் சார்?”

ஆசிரியர் மேசையில் எதையோ தேடத் தொடங்கினார். அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டு ஏனக்கா கிளம்பினார்.

அங்கே வந்த செய்தியாளர்களை மேய்க்க ஒரு வழிகாட்டியைப் போட்டிருந்தார்கள். நல்ல உடுப்பு, நல்ல மரியாதை, பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத குரல். ஏனக்கா அவருக்கு ‘மென்குரல்’ என்று பெயர் வைத்தார். பிற நாட்டுச் செய்தியாளர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். குளிரூட்டிய பேருந்தில் ஏற்றிப் போய், ஒரு மண்டபத்தில் சுரங்கப்பாதையின் மாதிரியைக் காட்டினார்கள். உள்ளே குட்டி விளக்குகள் எரிய, பொம்மை ரயில் ஒன்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. எல்லோரும் படமெடுத்தார்கள். பிறகு அரசின் செய்தித் தொடர்பாளர் வந்து உட்கார்ந்தார்.

ஏனக்கா கையைத் தூக்கினார். “மண் சரிஞ்ச அன்னிக்கு விடுமுறைன்னு சொல்றீங்க. ஏன் விடுமுறை?”

“வார ஓய்வு.”

“வாரத்துக்கு நடுவுலயா?”

மற்ற செய்தியாளர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். தொடர்பாளர் தண்ணீர் குடித்துவிட்டு, “அடுத்த கேள்வி,” என்றார்.

திரும்பும் வழியில் பேருந்தின் முன்வரிசையில் மென்குரல் இன்ஜின் இரைச்சலுக்காகக் கொஞ்சம் குரலை உயர்த்தி ஓட்டுநரிடம் தன் மொழியில் பேசினார். “அந்தப் பொம்பள மேல ஒரு கண்ணு வச்சுக்க. மேற்குக் குடியிருப்பு வழியா மட்டும் வண்டிய விட்றாத.”

மென்குரலுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இளம் வயதில் ஏனக்கா அந்த நாட்டில்தான் செய்தியாளராக இருந்தார். அந்த மொழியில் கவிதை எழுத வராது. ஆனால் சண்டை போட வரும். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எங்கே போகவேண்டும் என்று அதுவரை அவருக்கே தெரியாது. வழிகாட்டி வழி காட்டிவிட்டார்.

மறுநாள் எல்லோரும் அணைக்கட்டு பார்க்கக் கிளம்பியபோது, வயிறு சரியில்லை என்று அறையிலேயே தங்கிக்கொண்டார். வயிற்றுக்கோளாறு என்றால் உலகத்தில் எந்த அதிகாரியும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. பேருந்து கண்ணில் மறைந்ததும், விடுதியின் துணி வெளுக்கும் அறை வழியாகப் பின்வாசலுக்கு வந்து, மேற்குக் குடியிருப்புக்குப் போகும் நகரப் பேருந்து ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கினார்.

தகரக் கூரை போட்ட நீண்ட வரிசை வீடுகள். வரிசைக்கு ஒரு குழாய். கொடிகளில் துணி காய்ந்தது. சேலைகளும் பாவாடைகளும் குழந்தைச் சட்டைகளும்தான். ஒரு கொடியிலும் ஆண்கள் உடுப்பு இல்லை. முதல் வரிசையில் ஒருத்தி இரும்புக் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் மூட்டைகள்.

“யாரு, கம்பெனியா?” என்றாள் தலை நிமிராமல்.

“இல்லம்மா. பத்திரிகை.”

“உள்ளூரா?”

“வெளிநாடு.”

அவள் திருகாணியைக் கீழே வைத்தாள். “அப்ப உக்காருங்க. உள்ளூர்க்காரங்க வந்தாங்க, கேட்டாங்க, அழுதாங்க. ஒரு வரி போடல.”

“அன்னிக்கு லீவுன்னு சொல்றாங்களே?”

“லீவுன்னா எம் புருஷன் எதுக்குச் சோத்து டப்பாவத் தூக்கிட்டுப் போனாரு? மலைக்கு ஊட்டவா?”

அவர் துளைப்பொறி ஓட்டியவராம். மலை இறங்கிய மறுநாளே, சுரங்கப்பாதை கட்டிய கம்பெனியின் ஆட்கள் வந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்களாம். வேலை செய்பவர்களுக்குத்தான் வீடு. வேலை செய்ய ஆள் இல்லையே என்றார்களாம். அவள் சொல்லச் சொல்ல, பக்கத்து வாசல்களிலிருந்து பெண்கள் வந்து கூடினார்கள். ஏனக்கா கைபேசியில் பதிவு செய்ய ஆரம்பித்தார். ஒவ்வொருத்தியும் முன்னால் வந்து தன் ஆளின் பெயரைச் சொன்னாள். ஒரு சின்னப் பெண் அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டு, ஏனக்கா திருப்பிச் சொன்னதைக் கேட்டு, “அப்டி இல்ல, நடுவுல அழுத்தணும்,” என்று திருத்தினாள். நாற்பதுக்கு மேல் பெயர்கள் சேர்ந்தன.

“எங்களப் பத்தி என்ன வேணா எழுதுங்க,” என்றாள் கட்டில்காரி. “அவங்க பேர மட்டும் விட்றாதீங்க.”

ஏனக்கா தன் அட்டையை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். விடுதியில் இணையம் இல்லை, கைபேசியிலும் சிக்னல் இல்லை. காலையில் இருந்தது, இப்போது இல்லை. அறைத் தொலைபேசியில் எங்கள் அலுவலக எண்ணைக் கேட்டால், அந்த எண்ணுக்கு இணைப்புக் கிடைக்காது என்றான் விடுதியின் தொலைபேசிக்காரன். உடனே அவர், “வீட்ல மாமியாருக்கு ரொம்ப முடியலப்பா, ஒரு வார்த்த பேசிக்கிறேன்,” என்று வீட்டு எண்ணைக் கொடுத்தார். கிடைத்தது.

அந்த மாமியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தே ஓய்வு பெற்றவர். மருமகளோடு ஆகவே ஆகாது. குழம்புக்கு உப்பு, ஜன்னலுக்குத் திரை, மகன் இளைத்துப்போனது என்று எதிலும் இருவரும் ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை. அன்றைக்கும் அவருக்கு உடம்பு கல்லுக்குண்டாகத்தான் இருந்தது.

“அத்தை, ஒரு பேனா எடுங்க.”

“சாப்ட்டியா?”

“அதெல்லாம் அப்பறம். நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. வரிசையா பேரு வரும், எல்லாம் வேத்துமொழிப் பேரு.”

பேனா தேடி எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அத்தையின் குரல் மாறியது. அது வேலை நாற்காலியில் உட்கார்ந்த குரல் என்றார் ஏனக்கா. “சொல்லு. கத்தாத, கத்துனா லைன்ல இரைச்சல்தான் வரும். மெதுவா, எழுத்தெழுத்தா சொல்லு.”

பாதியில் இணைப்பு அறுந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் இவர் எழுந்து நிற்பதற்குள் மணி அடித்தது. அங்கிருந்து அத்தையே விடுதிக்குப் போட்டு, தொலைபேசிக்காரனிடம் தன் அலுவலக ஆங்கிலத்தில் பேசியிருக்கிறார். “தம்பி, நானும் இதே வேல பாத்தவதான். லைன் தானா அறுந்துச்சா, நீ புடுங்குனியான்னு எனக்குச் சத்தத்துலயே தெரியும். மறுபடி புடுங்குன, மறுபடி போடுவேன். விடியிற வரைக்கும் போடுவேன். உனக்கு எப்ப வசதி?” அவனுக்கு வசதிப்படவில்லை போலும். மீதிப் பெயர்கள் தடையில்லாமல் வந்து சேர்ந்தன.

பொழுது சாயும் நேரத்தில் அந்த அம்மாள் ஆட்டோவில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து என் மேசை முன்னால் நின்றார். அவர் வாசிக்க, நான் தட்டினேன். ஆசிரியர் பின்னால் நின்று திரையில் படித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, இது அச்சேறாது என்றே நினைத்தேன்.

“ஏம்மா, இதெல்லாம் உறுதிப்படுத்தணும்ல,” என்றார்.

“உறுதிப்படுத்தத்தான அவள அனுப்புனீங்க?” என்றார் அத்தை. “எனக்கும் அவளுக்கும் ஆயிரம் இருக்கும். ஆனா அவ பொய் சொல்லி நான் கேட்டதில்ல. உப்பு கூடன்னா கூடன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லுவா.” சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அச்சானதைப் பார்க்காமல் எழுவதாக இல்லை.

ஆசிரியர் செய்தியைப் போட்டார். பெயர்களை மட்டும், இடம் போதாது என்று வெட்டிவிட்டார்.

ஏனக்கா திரும்ப வேண்டிய நாள் வருவதற்குள் செய்தி அந்த நாட்டுத் தலைநகருக்கு எட்டிவிட்டது. விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி யாரையோ கூப்பிட்டார். ஜன்னலோரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். கைபேசியை வாங்கி எல்லாவற்றையும் அழித்துத் திருப்பித் தந்தார்கள். பிறகு மென்குரல் ஒரு தாளோடு வந்தார். ‘நேரில் எதையும் பார்க்காமல், பிறர் சொன்ன பொய்யை நம்பி எழுதிவிட்டேன்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

“கையெழுத்துப் போடுங்க மேடம். விமானம் காத்துட்டிருக்கு.”

“ஏன் போடணும்?”

“உங்க ஊருக்குப் போய் எப்படி வேணா மாத்திச் சொல்லிக்கோங்க. இங்க ஒரு கையெழுத்து. எனக்கும் வேல இருக்கு, குடும்பம் இருக்கு.”

ஏனக்கா அவருடைய மொழியிலேயே பதில் சொன்னார். “அந்தக் குடியிருப்புல இருக்கிறவங்களுக்கும் குடும்பம் இருந்துச்சு. நீங்கதான் என்னை அங்க அனுப்பினீங்க. பஸ்ல டிரைவர்கிட்ட சொன்னீங்களே, கேட்டுச்சு. ரொம்ப நன்றி.”

அவர் முகம் வெளுத்தது. “அத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க,” என்றார். அந்த ஒரு தடவைதான் அவர் குரல் அறை முழுக்கக் கேட்டதாம்.

“சொல்ல மாட்டேன். ஆனா கையெழுத்தும் போட மாட்டேன்.”

ஜன்னலுக்கு வெளியே அவருடைய விமானம் நகர்ந்து, திரும்பி, எழும்பிப் போனது. அவர் பெட்டியும் அதோடு போனது. ஆளாளுக்கு வந்து கேட்டார்கள்; மிரட்டினார்கள்; ஒருவர் கெஞ்சவும் செய்தார். இவர் அதே நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரியை உள்ளே போட்டால் அதுவும் செய்தியாகிவிடும் என்று யாருக்கோ உறைத்திருக்க வேண்டும். கடைசியில், நாட்டைவிட்டு வெளியேற்றுகிறோம், ஆனால் வானத்தில் இல்லை, தரையில் என்று முடிவு செய்தார்கள்.

எல்லைக்குப் போகும் பேருந்தில் இருக்கையின் பஞ்சு பிய்ந்து கம்பி குத்தியது. மலைப்பாதையில் குடல் வாய்க்கு வந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டால் காவலுக்கு வந்தவன் தூங்குவதுபோல் நடித்தான். எல்லைச் சாவடியில் இறக்கிவிட்டபோது காலணிக்குள் கால் நுழையவில்லை, அப்படி வீங்கியிருந்தது. இரண்டு சாவடிகளுக்கும் நடுவே இருந்த பாலத்தை வெறுங்காலோடு, காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்தப் பக்கத்து அதிகாரி, “வந்த நோக்கம்?” என்று கேட்டார். “வீட்டுக்குப் போற வழி இது. உங்க நாட்டப் பத்தி இப்போதைக்கு எந்த நோக்கமும் இல்ல,” என்றாராம். அவர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

பிறகு ஒரு குட்டி விமானம், ஒரு நிலையத்தில் பெஞ்சுத் தூக்கம், இன்னொரு விமானம், அதற்குப் பிறகு நிற்க இடமில்லாத ரயில். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அலுவலகத்துக்கு வந்தார். கசங்கிய அதே உடுப்பு, எல்லைக்கடையில் வாங்கிய ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம். கடித்துத் துப்பிய கரும்புச் சக்கை மாதிரி இருந்தார். நாங்கள் எழுந்து நின்றோம். “உக்காருங்கப்பா, நான் என்ன பிணமா,” என்றார்.

ஆசிரியர் அவரை உள்ளே கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. அந்த நாட்டுத் தூதரகம் முதலாளியைப் பிடித்துவிட்டது. முதலாளிக்கு அங்கே வியாபாரத் தொடர்பு உண்டு. நாளைய இதழில் வருத்தம் தெரிவிக்கவேண்டும்.

“மூணு வரி போதும். நீங்களே எழுதுனா கௌரவமா இருக்கும்,” என்றார் ஆசிரியர், அவர் முகத்தைப் பார்க்காமல்.

“எங்க போடப் போறீங்க?”

“முதல் பக்கத்துல, கட்டம் கட்டி. அப்படித்தான் கேக்கறாங்க.”

“சரி, எழுதித் தர்றேன்.”

எனக்கு இவ்வளவு தூரம் வந்து இங்கேயா வளைந்தார் என்று தோன்றியது. அவர் என் மேசைக்கு வந்து, அத்தை வாசித்த பெயர்களை எடுக்கச் சொன்னார். வெட்டிய பிறகும் நான் அவற்றை அழிக்காமல் வைத்திருந்தேன். நின்றபடியே மேலே மூன்று வரி தட்டினார்:

‘சுரங்கப்பாதை இடிந்து இறந்தவர்களைப் பற்றிய எங்கள் செய்தியில், அவர்களுடைய பெயர்களை இடமின்மையால் வெளியிடத் தவறிவிட்டோம். இது பெரும் பிழை. இதற்காக மனமார வருந்துகிறோம்.’

கீழே எல்லாப் பெயர்களும்.

ஆசிரியர் படித்தார். நெடுநேரம் படித்தார். “இதுவா வருத்தம்?”

“வருத்தந்தான் சார். நெஜமாவே எனக்கு இதுல ரொம்ப வருத்தம்.”

“இதப் போட்டா என் வேல போயிடும்மா.”

“போடலன்னா என் வேல போகட்டும். ஆனா வேற வருத்தத்துக்கு என் கை எழுதாது. அங்க உயிர வச்சு மிரட்டியே எழுதல.”

ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். அவரை நான் கோழை என்று நினைத்திருந்தேன். “எழுத்து ரொம்பப் பொடியா இருக்கே,” என்றார். “கட்டத்தப் பெருசாக்கு. வயசானவங்களும் படிக்கணும்.”

அந்த இதழ் வெளிவந்த அன்றே ஆசிரியரை ஞாயிறு மலருக்கு மாற்றினார்கள். இப்போது ராசிபலன் திருத்துகிறார். முன்னைவிட நன்றாகத் தூங்குவதாகச் சொல்கிறார். ஏனக்காவை நகராட்சிச் செய்திக்குப் போட்டார்கள். அந்த நாட்டுக்குள் நுழைய அவருக்கு ஆயுள் தடை. “எனக்கென்ன அங்க மாமனார் வீடா இருக்கு,” என்றார். பெயர்களை வேறு நாட்டுப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. கடைசியில், விடுமுறையையும் மீறிச் சில தொழிலாளர்கள் உள்ளே சென்றிருக்கலாம் என்று அந்த அரசு ஒரு அறிக்கை விட்டது. அதற்கு மேல் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கட்டில்காரி ஒருநாள் அட்டையிலிருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டாள். எங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்தை, பெயர்கள் வந்திருப்பதாகச் சொல்லி யாரோ அவர்களுக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள். அதைப் பெரிதாக அச்செடுத்துக் குழாயடிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம். வீட்டைக் காலி செய்ய வைக்கக் கம்பெனி ஆட்கள் வந்தபோது, எல்லாப் பெண்களும் அதற்கு முன்னால் போய் நின்றிருக்கிறார்கள்.

“அதுல உங்க மொழியில என்ன எழுதியிருக்குன்னு எங்களுக்கும் தெரியாது, அவனுங்களுக்கும் தெரியாது,” என்றாள். “ஆனா ரொம்ப நேரம் பாத்தானுங்க. பாத்துட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டானுங்க. நாங்க இங்கயேதான் இருக்கோம். கட்டில மறுபடி மாட்டிட்டேன்.”