தகரக் கூரைக்கு அடியில் அருகம்புல்

எங்கள் மாட்டுங்கா கட்டடத்தின் பின்பக்கத்துப் புல்தரை செத்துக்கொண்டிருந்தது. செகரட்டரி வேங்கடசுப்ரமணியனுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

"புல்லே இல்லாத எடத்துக்கு லான்னு பேர் என்ன வேண்டிக் கெடக்கு ருக்கு மாமி? பேவர் பிளாக் கல்லு பதிச்சுட்டா பார்க்கிங் ஆயிடும்" என்றார். பார்க்கிங் யாருக்கு? அவருடைய இரண்டாவது காருக்கு.

முதல் காரை நான் மறக்கவில்லை. என் கணவர் சுந்தரராமனுக்கு நெஞ்சுவலி வந்த காலையில் அது கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. செகரட்டரி பூஜையில் இருந்தார். பாதியில் எழுந்து சாவி தரமாட்டாராம். ஆம்புலன்ஸ் தெருவிலேயே நிற்க, இவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பதிமூன்றாம் நாள் சாப்பிட வந்த மனுஷன் பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். "தப்பு நடந்துபோச்சு" என்று ஒரு வார்த்தை வரவில்லை. அன்றிலிருந்து என் வயிறு எரிகிறது.

"ஒரு மழைக்காலம் டயம் குடுங்கோ, புல்லை வளத்துக் காட்டறேன்" என்று மீட்டிங்கில் சொன்னேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்கள்.

அங்கே இருந்தது அருகம்புல். வெயில் இல்லாவிட்டால் பிழைக்காது. ஒரு பக்கம் மாமர நிழல். இன்னொரு பக்கம் செகரட்டரி தம் முதல் மாடி பால்கனியிலிருந்து நீட்டிப் போட்டிருந்த தகரக் கூரை. சருகை வாரினேன். இறுகிக் கிடந்த மண்ணைக் கொத்தி எரு போட்டேன். செம்பூர் நர்சரியில் நிழலில் வளரும் அகல இலைப் புல் வாங்கி வந்து மாமரத்தடியெல்லாம் நட்டேன். மழை பிடித்ததும் பச்சைப் பசேலென்று பரவிவிட்டது.

தகரத்துக்கு அடியில் மட்டும் நடவில்லை. மிச்சமிருந்த அருகம்புல் அங்கேதான் இருந்தது. சாகட்டும் என்று விட்டேன். வேண்டுமென்றேதான்.

விநாயக சதுர்த்திக்கு எங்கள் மண்ணில் பறித்த அருகம்புல்லைத்தான் கட்டடத்துப் பிள்ளையாருக்குச் சாத்துவது வழக்கம். பறிப்பதும் பூஜை செய்வதும் செகரட்டரிதான். அதில் அவருக்குத் தனிப் பெருமை. பட்டு வேஷ்டியும் கூடையுமாக வந்தார். பின்னாலேயே மாமிகள். குனிந்து பறித்தார். கையோடு வந்தது காய்ந்த நார்.

"சுத்தி எல்லாம் பச்சையா இருக்கே, இது மட்டும் ஏன் இப்படி?" என்று அவர் மனைவியே கேட்டாள்.

"மேலே பாருங்கோ, உங்காத்துத் தகரம். வெயிலும் கெடையாது, மழையும் கெடையாது. பிள்ளையாரோட புல்லைச் சாகடிச்சது அதுதான்" என்றேன்.

அத்தனை பேரும் மேலே பார்த்தார்கள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. பார்க்கிங்கும் வேண்டாம், தகரத்தை நாளைக்கே எடுத்துவிடுகிறேன் என்று உளறிக்கொண்டே பிள்ளையார் முன்னால் போய்க் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார். கண்ணில் நீர். "மன்னிச்சுடுப்பா, மன்னிச்சுடுப்பா."

நான் ஜெயித்துவிட்டேன். ஆனாலும் புல்லுக்கு அழத் தெரிகிறதே இந்த மனுஷனுக்கு என்று உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மூச்சிரைக்க அவர் நிமிர்ந்தபோது எதிரே போய் நின்றேன்.

"முடிஞ்சுதா மாமா?"

"ஆச்சு மாமி."

"ஆகலே. சுந்தரராமன்னு பேரைச் சொல்லிண்டு இன்னொண்ணு போடுங்கோ."

"போடுங்கோன்னா" என்றாள் அவர் மனைவி, மெதுவாக. மறுபடியும் காதைப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்தார். உதடு அசைந்தது.

"காதுல விழலே" என்றேன்.