பெட்டி சொல்லட்டும்

சுஜாந்தி கணவனின் கழுத்தில் கட்டிய டையை மறுபடியும் அவிழ்த்தாள். இராஜேந்திரன் உயிரோடு இருக்கும்போது டை கட்டியதில்லை. சுற்றுச்சூழலும் சுகாதாரச் சமத்துவமும் என்று முழநீளப் பெயரில் முதுகலை முடித்தவளுக்கு ஒரு முடிச்சு வரவில்லை. கடைசியில் டையைச் சுருட்டிக் தன் கோட்டுப் பைக்குள் திணித்தாள். சட்டையின் மேல் பொத்தானையும் கழற்றிவிட்டாள். மூச்சு விடட்டும் என்று நினைத்தாள், நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

செபஸ்தியாம்பிள்ளை மலர்வளையத்தோடு வந்தார். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், இராஜேந்திரன் பொரித்த அதே உணவகத்து நிலக்கீழ்க் குசினியில் கோப்பை கழுவுகிறவர். முதலாளி அனுப்பிய வளையம் கண்ணாடித்தாள் சுற்றியபடியே பளபளத்தது.

"முகம் வடிவா இருக்கு பிள்ளை. இருமல் நிண்டதோடை வயசும் குறைஞ்சிட்டுது."

நுரையீரல், குசினிப் புகைதான் காரணம் என்று டாக்டர் சொன்னபோது சுஜாந்தி அவரோடு வாதாடியிருந்தாள். "அவர் வேலை செய்யிற இடத்துக் காத்து நல்லது. நானே அளந்தனான்."

உண்மைதான். பிள்ளை வயதுக்காரரோடு மீண்டும் வகுப்பில் குந்தியவள், ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நம்மவர்கள் பொரிக்கும் குசினிகளின் காற்றை. முதலில் கணவன் பொரித்த குசினி. பல்கலைக்கழகம் இரவல் தந்த அளவைப் பெட்டியை அவனே அடுப்புக்குப் பக்கத்தில் கொழுவினான். அதற்கு முன்னரே அவனுடைய இருமலைக் கேட்டு, அந்த வேலையை விடச் சொல்லி அவள் கெஞ்சியிருந்தாள்.

"உன்ரை பெட்டி சொல்லட்டும், புறொபெசர். கூடாதெண்டா நாளைக்கே விடுறன்."

பெட்டி நல்லதென்றது. அதன்பின் அவள் கெஞ்சவில்லை. ஆய்வைச் சமர்ப்பித்த அன்று மண்டபத்தில் அவன்தான் பலமாகக் கைதட்டினான், இருமலுக்கு நடுவில்.

"உன்ரை படிப்பெண்டா அந்தாளுக்கு உயிர்," என்றார் செபஸ்தியாம்பிள்ளை, மூக்கைத் துடைத்தபடி. "அந்தக் காத்துப் பெட்டியை என்ன மாதிரிப் பாத்தவர்! எண்ணெய் கொதிக்கத் துடங்கினா, சாப்பாடு மூடுற பிளாஸ்டிக்காலை இறுக்கிச் சுத்திப்போடுவார். அடுப்பை நிப்பாட்டின பிறகுதான் கழட்டுறது."

"ஊத்தை படாமலுக்கோ?"

அவர் ஓம் என்று தலையாட்டிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. டிவி றிமோட்டுக்கே உறை போடுகிற மனிதன்தானே.

"சேச்சே. பெட்டி கூடாதெண்டு சொன்னா வேலையை விடோணுமாம். பிறகு புறொபெசரை ஆர் காசு கட்டிப் படிப்பிக்கிறதெண்டு கேப்பார். நாங்களெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பம்."

"எல்லாருக்கும் தெரியுமோ?"

"குசினி முழுக்கத் தெரியும் பிள்ளை." பெருமையாகத்தான் சொன்னார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே போனார்.

சுஜாந்தி இராஜேந்திரனைப் பார்த்தாள். ஒரு பொய்யும் சொல்லாதவனின் முகம். சொன்னது பெட்டிதானே.

தகனசாலைப் பெண் ஜெர்மேன் வந்து, சவப்பெட்டியை மூட நேரமாகிவிட்டது என்றாள். வளையத்தைச் சுட்டிக்காட்டிப் பிரெஞ்சில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மன்னிக்க வேண்டும் மடாம். பிளாஸ்டிக்கை எடுத்துவிட வேண்டும். எரிந்தால் அந்தப் புகை கூடாது."

"தெரியும்," என்றாள் சுஜாந்தி. "நான் அதைத்தான் படிச்சனான்."

கண்ணாடித்தாளின் உட்புறம் வேர்த்திருந்தது. அதை உரித்து, மடித்து, மறுபடி மடித்து, டையோடு கோட்டுப் பைக்குள் வைத்தாள். பிறகு குனிந்து, அவனுடைய சட்டையின் மேல் பொத்தானை இறுக்கிப் பூட்டினாள்.