கருப்பணசாமி மரத்து ஊதாப் பூ

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடுகிற பஸ்; அடுப்பை மூட்டிப் புகை ஏற்றிக் கிளம்ப ஒரு மணி நேரம் ஆகும் என்றான் டிரைவர். அதற்குள் பூ கையில் இருக்க வேண்டும். இந்த பஸ்ஸை விட்டால் சென்னை மெயிலில் பார்சல் ஏறாது.

சேந்தமங்கலம் சாலையில் அமிர்தசாமி நடக்கவில்லை, ஓடினார். சேலத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவள் அவர் மனைவி ஞானமேரி. சமவெளிச் செடிகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்துக்கு நாற்பத்திரண்டு படங்களையும் வரைந்தவள் அவள்தான்.

நாற்பத்தொரு படங்களைச் சென்னையில் ஏற்றுக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் ஏற்கவில்லை. போன ஆனியில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக அவள் பார்த்து, வீட்டுக்கு வந்து வரைந்த, மரக்கிளையில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் செடி. மஞ்சள் இதழில் பழுப்புக் கட்டங்கள். நடுவே உதடுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இதழ், நல்ல ஊதா.

பதிப்பிக்கிற பேராசிரியர் எழுதியிருந்தார்: 'எங்களிடம் உள்ள உலர்ந்த மாதிரியில் உதடு பழுப்பு. ஊதா என்பது அம்மையாரின் கற்பனை. யுத்த காலத்துக் காகிதத்தில் கற்பனைக்கு இடமில்லை. சனிக்கிழமைக்குள் உயிருள்ள பூ வராவிட்டால் படத்தை நீக்கிவிடுவோம்.'

இன்று வியாழன். கற்பனை என்ற அந்த ஒரு சொல்லால் ஞானமேரிக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

"எந்த மரம், மேரி?"

"இலுப்பை. ரோட்டுப் பக்கம் சாய்ஞ்சிருக்கும்."

"எல்லாமே சாய்ஞ்சுதான் நிக்குது."

"நான் பார்த்தது எப்பவாவது தப்பாப் போயிருக்கா?"

"ஒரே ஒரு தடவை. பொண்ணு பார்க்க வந்தப்போ, என்னைப் பார்த்துட்டு சரின்னு தலையாட்டினே."

அவள் சிரித்தாள். மூன்று நாளில் முதல் தடவை. சிரித்த வாக்கிலேயே நின்றுவிட்டாள்.

தலைக்கு மேலே எட்டும் உயரத்தில், இலுப்பைக் கிளையைத் தடித்த வெள்ளை வேர்களால் கட்டிப் பிடித்திருந்தது செடி. வார்போல் இலைகள். நடுவிலிருந்து ஒரு காம்பு. காம்பில் ஆறு பூக்கள். ஆறிலும் ஊதா உதடு.

அமிர்தசாமி கையை நீட்டினார்.

"ஏனுங்க, கையை எடுங்க."

மரத்தடியில், கருப்பணசாமி சிலைக்கு எதிரே, கூட்டிக்கொண்டிருந்த ஆள் விளக்குமாற்றோடு எழுந்தார். பூசாரி சடையன்.

"இது சாமி மரமுங்க. கேக்காம ஒரு எலை கிள்ளக் கூடாது. அந்தப் புல்லுருவி உங்களுக்கு என்னத்துக்கு?"

"புல்லுருவி இல்லைங்க. அது மரத்தை உறிஞ்சும். இது சும்மா ஒட்டிக்கிட்டு நிக்கும். காத்து, மழையே போதும் இதுக்கு."

"அப்ப மாமனாரு ஊட்டுல உக்காந்து திங்கற மருமவன் இல்லீங்க. கட்டுச்சோத்தோட வந்த விருந்தாளி." சடையன் செடியை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார். "இருந்தாலும் பூக் கேக்கோணும்."

பூக் கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஈரமான அரளிப் பூக்களைச் சாமியின் இரண்டு தோளிலும் ஒட்டவைத்துக் கேட்பார்கள். வலது பூ முதலில் விழுந்தால் உத்தரவு. இடது விழுந்தால் இல்லை.

"நம்ம சர்ச்சுல பங்குச் சாமியாருக்குத் தெரிஞ்சா?" என்று கிசுகிசுத்தார் அமிர்தசாமி.

"அடுத்த வீட்டுல பறிக்கறதுக்கு முன்னாடி கேக்கறது பாவமில்லை. கேளுங்க" என்றாள் ஞானமேரி.

சடையன் பூக்களை ஒட்டவைத்தார். "சேலத்து அமிர்தசாமி கேக்கறாருங்க. இந்தப் பூ அவருக்கு உண்டா, இல்லையா?"

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். தூரத்தில் பஸ்ஸின் அடுப்பை ஊதும் காற்றாடிச் சத்தம் கேட்டது; அடுப்பில் கரி பற்றிக்கொண்டது.

இடது பூ விழுந்தது.

"இல்லீங்களாம்" என்றார் சடையன் வருத்தத்தோடு. பழைய பூக்களை வாரிக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தார்.

அமிர்தசாமி அவர் முதுகைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். கை மேலே போனது. காம்பைத் தொட இரண்டு விரற்கடை இருந்தது. அவர் மணிக்கட்டை ஞானமேரி பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க."

"உன்னைப் பொய்க்காரின்னு எழுதியிருக்கான், மேரி."

"திருடிக் கொடுத்தா அந்தப் பேரு நிஜமாயிடும். போகட்டும். நான் பார்த்தேன், நீங்க பார்த்துட்டீங்க. போதும்."

போதாது என்று அவள் கண் சொன்னது. அவர் கையை இறக்கினார்.

சடையன் திரும்பி வந்து நின்றார். எவ்வளவு பார்த்தாரோ, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"அம்மிணி, ஒண்ணு கேக்கறேன். மொதல்ல இதைக் கண்டது ஆரு?"

"நான்தான்."

"வேணும்னு வந்தது?"

"நான்தான்."

"அப்புறம் ஏன் அவரு பேருல கேட்டீங்க?"

ஞானமேரி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். புத்தகத்தில் அவர் பெயர்தான். கடிதமும் அவர் பெயருக்குத்தான் வந்தது. வேறு மாதிரி கேட்கலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"ஆருக்கு வேணுமோ அவுங்கதான் கேக்கோணும். தப்பு என்னுது, அவரை முன்னால உட்டுட்டேன். வாங்க."

புது அரளி. புது ஈரம். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு அவளே சொன்னாள்: "சேலத்து ஞானமேரி கேக்கறேன். நான் பார்த்ததை நாலு பேருக்குக் காட்டணும். ஒரு காம்பு போதும்."

பஸ் ஊதியது. யாரும் அசையவில்லை. இடது பூ கொஞ்சம் சரிந்தது. அமிர்தசாமி கண்ணை மூடிக்கொண்டார். சரிந்த பூ அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

வலது பூ பொத்தென்று விழுந்தது.

"எடுத்துக்குங்க தாயி. கத்தி படக் கூடாது."

அவள் காம்பை நகத்தால் கிள்ளினாள். அவர் தகரப் பெட்டியில் ஈர வாழைப்பட்டையை விரித்துப் பிடித்தார். பிறகு இருவரும் ஓடிய ஓட்டத்தில், அவள் ஒரு செருப்பு சாலையிலேயே போயிற்று.

பன்னிரண்டாம் நாள் ஒரு தபால் அட்டை வந்தது. 'ஊதா. ஒப்புக்கொள்கிறேன். படம் சேர்க்கப்படும். வரைந்தவர் பெயரை எப்படிப் போடுவது?'

அமிர்தசாமி சத்தமாகப் படித்தார். பிறகு பேனாவின் மூடியைத் திருகி எடுத்து, அடுப்படியில் நின்றவளிடம் நீட்டினார்.

"கையெல்லாம் மாவு. நீங்களே எழுதிடுங்க."

"கழுவிட்டு வா. நான் இருக்கேன்" என்றார் அவர்.