ஹாம்பர்க் கடைத்தெரு

கல்மண்டபம் டீக்கடையில் ஹாம்பர்க் நகரத்தை அளந்துவிட்டுக்கொண்டிருந்த மஜீதுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வாசலில் அப்பாஸ் நின்றான். ஒரே கப்பலில், ஒரே கொதிகலன் அறையில் இவனோடு பன்னிரண்டு வருஷம் கரி தள்ளியவன். பாழாய்ப்போன கப்பல்! துறைமுகம் வந்தால் மற்றவர்கள் ஊர் சுற்றப் போவார்கள். இவர்கள் கரி ஏற்ற வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும். எந்த ஊரிலும் இருவரும் கரையில் கால் வைத்ததில்லை.

“இன்னா அப்பாஸ் பாய், நீயும் அந்தக் கப்பல்தானே? இவரு சொல்றதெல்லாம் மெய்யா?” என்றார் கடைக்காரர்.

மஜீது கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தான். அப்பாஸ் அவனையே வெறித்துப் பார்த்தான். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மெய்தான். ஆனா அந்தக் கடைத்தெருவ உட்டுட்டான் பாரு. பனி கொட்டிகினு கீது, நாங்க ரெண்டு பேரும் தோள்ல கை போட்டுகினு நடக்கறோம்…”

அன்றுதான் மஜீது முதன்முதலாகக் கரையிறங்கினான்.