வெறும் மடிப்பு

லாட்ஜின் மேல்மாடிக் கூடத்தில் பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து மடிக்கச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கப்பல் செய்யக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு மாதிரி இருந்தது. கப்பல் செய்கிற பிள்ளைகளாவது சிரிப்பார்கள். இங்கே புதிதாக ஜெயித்த நகரமன்ற உறுப்பினர்கள் அத்தனை பேரும் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

சொல்லிக்கொடுத்தவர் தடிக்கண்ணாடி போட்ட வெளியூர் ஆள். நகராட்சித் தலைவர் தேர்வில் ஓட்டு எண்ணும்போது கட்சி சார்பில் மேஜையருகே நிற்கப் போகிறவர் அவர்தான். "உங்களுக்கு வலது மூலை. உங்களுக்கு மூணு மடிப்பு. உங்களுக்குக் குறுக்கு மடிப்பு," என்று ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டே வந்தார். மளிகைக்கடைக்காரியிடம் வந்ததும், "உங்களுக்கு இடது மூலை. மூலையை மடக்கிட்டு அப்புறம் பாதியா மடிக்கணும். எங்கே, செஞ்சு காட்டுங்க," என்றார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சர்க்கரையும் மிளகும் கட்டிக் கொடுத்த கை அவளுடையது. தாளைத் தொட்டதும் அது தன்பாட்டுக்குச் சுருட்டி, மடக்கி, நுனியை உள்ளே செருகிவிட்டது. கண்ணாடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அக்கா, உங்களைப் பொட்டலம் கட்டச் சொல்லலை. திரும்பச் செய்யுங்க."

பெயர்தான் ரகசிய வாக்கெடுப்பு. ஆளுக்கொரு மடிப்பு என்று வைத்துவிட்டால் எந்தச் சீட்டு யாருடையது என்பது பிரிக்கும்போதே தெரிந்துவிடும். சொன்ன மடிப்பை மடிக்காமல் விட்டாலும் தப்பிக்க முடியாது, யாருடைய மடிப்பைக் காணோமோ அவரைப் பிடித்துக்கொள்ளலாம். இதை யோசித்த மண்டைக்கே தனியாக ஒரு பதவி கொடுக்கலாம்.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் ஒரே ஒரு தலை. இருபத்தொரு பேர் கொண்ட மன்றத்தில் இவர்கள் பதினொன்று, எதிரணி பத்து. எதிரணி என்றால் வேறு யாரோ இல்லை, தலைநகரில் இவர்களோடு கூட்டணி வைத்து ஆட்சி நடத்துகிற சின்னக் கட்சிதான். அங்கே தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள், இங்கே ஒருவர் கொடிக்கம்பத்தை ஒருவர் பிடுங்குவார்கள். மாநிலத் தேர்தலில் பெரிய கட்சிக்குத் தனி மெஜாரிட்டி வரவில்லை. அதற்குப் பின்னால் வந்த உள்ளாட்சித் தேர்தலில் சின்னக் கட்சி திடீரென்று வளர்ந்து நின்றது. எத்தனை ஊரில் தலைவர் நாற்காலி கிடைக்கிறதோ அதைக் காட்டித்தான் மந்திரி பதவி கேட்கப் போகிறார்கள். இந்த மாவட்டத்துக்கென்று ஒதுக்கிவைத்த மந்திரி பதவி இவர்கள் கட்சியின் மாவட்டச் செயலாளருக்கா, சின்னக் கட்சிக்கா என்பது இந்த ஒரு நகராட்சியில் வந்து தொங்கிக்கொண்டிருந்தது.

தலைவர் பதவிக்குச் செயலாளர் நிறுத்தியிருந்தது தன் தங்கை கணவரை. ஊரே அவரை மச்சான் என்றுதான் கூப்பிடும், தங்கையைக் கட்டிக்கொடுத்தது என்னவோ செயலாளர் ஒருவர்தான். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தால் முதல் வேலையாகப் பழைய மார்க்கெட்டை இடித்துவிட்டு அங்கே அடுக்குமாடி கட்டுவார். மார்க்கெட்டை இடிக்க விடமாட்டேன் என்று வாசல் வாசலாகச் சொல்லித்தான் மளிகைக்கடைக்காரி ஜெயித்திருந்தாள். அப்போது கட்சியும் அதையேதான் சொன்னது. ஜெயித்த மறுநாளே பேச்சு மாறிவிட்டது. இப்போது மார்க்கெட்டில் கை வைக்கமாட்டேன் என்று சொல்கிற ஒரே ஆள் சின்னக் கட்சி நிறுத்தியிருக்கும் டீச்சரம்மாதான்.

மடிப்பு வகுப்பு முடிந்ததும் செயலாளரே வந்தார். எல்லோரிடமும் ரெண்டு வார்த்தை பேசினார். அவளிடம் வந்து நின்று, "மளிகையக்கா, உங்க பையன் நகராட்சித் தண்ணி லாரிதானே ஓட்டுறான்? இன்னும் நிரந்தரமாகலை போல," என்றார்.

"ஆமாங்க."

"இருட்டுல எல்லாம் தனியாப் போறான். பாத்துப் போகச் சொல்லுங்க. ரோடு சரியில்லை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போன தடவை மாற்றி ஓட்டுப் போட்ட டயர்க்கடைக்காரருக்கும் இப்படித்தான் அக்கறையாகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதம் கடை எரிந்தது. அணைக்க ஓடியவரை யாரோ அடித்துப் போட்டதில் இன்றைக்கும் கட்டையை ஊன்றித்தான் நடக்கிறார். யார் செய்தது என்று போலீஸுக்கு இன்னும் தெரியாது. ஊருக்கு அன்றைக்கே தெரியும்.

அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் நர்ஸக்கா. அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பக்கத்து வார்டு உறுப்பினர், வாய் கொஞ்சம் அதிகம். நகராட்சிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவளைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். வெளியே வராந்தாவில் கட்சி ஆள் ஒருவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் டீச்சருக்குத்தான் போடப்போறேன்," என்றார் நர்ஸக்கா. "என் வார்டுல பாதிப் பேர் அந்த மார்க்கெட்டை நம்பித்தான் சாப்பிடுறாங்க. நீ என்ன பண்ணப்போறே?"

"எனக்கும் அதான் ஆசைக்கா. ஆனா பையனை நினைச்சா கை கால் ஆடுது."

"ஆடும். எனக்கும்தான் ஆடுது." நர்ஸக்கா தன் கையை நீட்டிக் காட்டினார். உண்மையிலேயே நடுங்கியது. "இங்க பாரு. நீ ஓட்டை யாருக்கு வேணாலும் போடு, நான் கேக்கமாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் செய். அவன் சொன்ன மடிப்பை மடிக்காதே. சும்மா பாதியா மடிச்சுப் போடு. நானும் அப்படியே போடுறேன். ரெண்டும் வெறும் மடிப்பா இருந்தா எது உன்னுது, எது என்னுதுன்னு அவனால சொல்ல முடியாது. தனியா ஒருத்தியைப் பிரிச்சு எடுக்க முடியாதுல்ல?"

"நான் பயந்துபோய் மச்சானுக்கே போட்டுட்டா?"

"போட்டுட்டுப் போ. மடிப்பு மட்டும் வெறுமனே இருக்கணும். அது போதும் எனக்கு."

அவள் நர்ஸக்காவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினாள். சொன்ன மடிப்பை விடுவதே பெரிய ஆபத்து என்று தெரிந்துதான் ஆட்டினாள். அந்தக் குளியலறையில் நின்றபோது அவளுக்குத் தைரியம் இருந்தது. அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

வேன் நகராட்சி வாசலில் நின்றபோது அந்தத் தைரியத்தில் பாதி இறங்கிவிட்டது. தண்ணீர் லாரிகள் நிற்கும் கொட்டகையின் ஓரத்தில் அவள் மகன் நின்றிருந்தான். பக்கத்தில் மச்சானின் ஆட்கள் ரெண்டு பேர். ஒருவன் மகனின் தோளில் கையைப் போட்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தான். மகன் அம்மாவைப் பார்த்துக் கையசைத்தான். பாவம், அவனுக்கு என்ன தெரியும், புதிதாகச் சினேகம் கிடைத்த சந்தோஷத்தில் நின்றான்.

மன்றத்தில் ஒரு மூலையில் மறைப்புக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு சின்ன மேஜை, மை அட்டை, முத்திரை. அவள் முறை வந்து உள்ளே போனதும் காதுக்குள் இரைச்சல். சீட்டில் ரெண்டு பெயர்கள். டீச்சர் பெயருக்கு நேராக முத்திரையைக் கொண்டுபோனாள். தோளில் கிடந்த அந்தக் கை கண்ணுக்குள் வந்து நின்றது. முத்திரை மேலே ஏறி மச்சான் பெயரில் விழுந்தது.

பரவாயில்லை, மடிப்பு வெறுமனே இருக்கட்டும், நர்ஸக்கா அதுதானே கேட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளியே, "சீக்கிரம் வாங்கம்மா," என்று யாரோ அதட்டினார்கள். திடுக்கிட்டு ஓடி வந்து சீட்டைப் பெட்டிக்குள் போட்டாள். போட்ட பிறகுதான் விரலில் ஒரு உணர்வு தட்டியது. எதையோ செருகிய உணர்வு. பெட்டி பூட்டியிருந்தது.

நகராட்சி ஆணையர் ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பிரித்துத் தூக்கிக் காட்டினார். கண்ணாடிக்காரர் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சீட்டைப் பிரிக்க ஆணையர் நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. "இதென்னங்க, கடலைப் பொட்டலமா?" என்றார். மன்றமே சிரித்தது. அவள் மட்டும் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருந்தது மச்சானுக்கு விழுந்த ஓட்டு.

டீச்சர் பதினொன்று, மச்சான் பத்து. எதிர்வரிசையில் கைதட்டல் ஓய்வதற்குள் இவர்கள் பதினொரு பேரையும் வேனில் ஏற்றிவிட்டார்கள். வேன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் மறுபடி லாட்ஜுக்கே போனது.

மேல்மாடிக் கூடத்தில் செயலாளர் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. கண்ணாடிக்காரர் நிதானமாகச் சொன்னார்: "ஒம்பது பேர் மடிப்பு சரியா வந்திருக்கு, ஓட்டும் நமக்கே. ரெண்டு பேரோடது வரலை. மளிகையக்காவோட இடது மூலையும், நர்ஸம்மாவோட குறுக்கு மடிப்பும். அதுக்குப் பதிலா ரெண்டு சீட்டு. ஒண்ணு வெறுமனே பாதியா மடிச்சது, டீச்சருக்குப் போயிருக்கு. இன்னொண்ணு பொட்டலம் மாதிரி, அது நமக்கு."

"ரெண்டுல எது யாரோடது?" என்றார் செயலாளர்.

அவள் நர்ஸக்காவைப் பார்த்தாள். நர்ஸக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் காலையில் அவள் மடித்ததை மறந்துவிட்டிருந்தால் தப்பிக்கலாம் என்று ஒரு நொடி நினைத்தாள். அவர் நெற்றியைத் தேய்த்தபடி யோசிக்கவும் செய்தார். ஆனால் முந்திக்கொண்டது மச்சான்.

"இதுல என்ன சந்தேகம்?" என்றார் மச்சான். "அரைக்கால் சட்டை போட்ட காலத்துலேருந்து அக்கா கடையில சாமான் வாங்கிட்டிருக்கேன். நுனியை உள்ளே தள்ளி ஒரு செருகு செருகுவாங்க, தூக்கிப் போட்டாலும் பிரியாது. அது அக்காவோடதுதான். அக்கா நம்ம ஆளு. பயத்துல மடிப்பை மறந்துட்டாங்க, அவ்வளவுதான்."

எல்லாத் தலைகளும் நர்ஸக்காவின் பக்கம் திரும்பின. அவளும் வெறுமனே பாதியாக மடித்திருந்தால் இந்தத் தலைகள் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றிருக்கும். அவள் வாயைத் திறந்தாள். ரெண்டு சீட்டுமே நாங்க பேசி வெச்சதுதான் என்று சொல்ல வேண்டும். மகன் தோளில் கிடந்த கையை நினைத்து மூடிக்கொண்டாள்.

"நீங்கெல்லாம் கிளம்புங்க," என்றார் செயலாளர். "நர்ஸம்மா கொஞ்ச நேரம் இருக்கட்டும். பேசணும்."

படியிறங்கும்போது அவள் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நர்ஸக்காவும் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தனியாக விட்டுவிட்டுப் போகாதே என்கிற பயம்தான் இருந்தது. கதவைச் சாத்தினார்கள்.

சாயங்காலம் கடையைத் திறந்தாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. மார்க்கெட்டில் வெடி வெடிக்காத குறை. டீச்சர் ஜெயித்ததில் அவள் ஓட்டும் உண்டென்று நினைத்துக்கொண்டு, "அக்கா, சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க," என்று ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்துக் கடை டிவியில் மந்திரி பதவி சின்னக் கட்சிக்குப் போய்விட்டது என்று சொன்னார்கள். செயலாளரின் மாவட்டப் பொறுப்பும் ஆட்டம் காண்கிறது என்றார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவள் லாட்ஜை நினைத்துக்கொண்டாள். எல்லாம் போய்விட்ட மனுஷன் கையில் இப்போது மிச்சமிருப்பது அந்த அறையும், அதற்குள் இருக்கிறவரும்தான்.

நர்ஸக்காவின் போனுக்கு அடித்துப் பார்த்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

மகன் துள்ளிக்கொண்டு வந்தான். "அம்மா! புதுத் தலைவர் நாற்காலியில உக்கார்றதுக்குள்ள ஆர்டர் போட்டுட்டாங்க. வேலை நிரந்தரம்! மச்சானே போன் பண்ணிச் சொன்னார். உங்கம்மா மாதிரி விசுவாசம் யாருக்கும் வராதுன்னாரு."

அவள் அவன் முகத்தைத் தடவினாள். முழுசாக இருந்தான், உயிரோடு இருந்தான். இதற்குத்தானே எல்லாம்.

அப்போதுதான் நர்ஸக்காவின் வீட்டுக்காரர் வந்தார். கண் பார்வை மங்கியவர், மனைவி கையைப் பிடிக்காமல் தெருவைக் கடக்காதவர். சுவரைத் தடவித் தடவிக் கடைவரைக்கும் வந்திருந்தார்.

"அம்மா, நீ வந்துட்டேன்னு சொன்னாங்க. எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாங்களாம். அவ மட்டும் இன்னும் வரலை. போனும் எடுக்கலை. உன்கூடத்தானே இருந்தா?"

அவளுடைய கை கல்லாவின் மேல் கிடந்த ஒரு காகிதத்தை எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தது. நுனியைச் செருகப் போகும்போது பார்த்துவிட்டாள். விரல் சுட்டுவிட்ட மாதிரி உதறிக் கீழே போட்டாள்.

"எங்கம்மா போறே?" என்றான் மகன். அவள் அதற்குள் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டிருந்தாள். "அங்கெல்லாம் போகாதேம்மா. மச்சான் ஆளுங்க நிப்பாங்க. இப்பத்தானே எல்லாம் சரியாச்சு?"

"தெரியும்டா." மிச்ச ஷட்டரையும் இழுத்து மூடினாள். "நீ டீச்சரம்மா வீட்டுக்கு ஓடு. ஆளுங்களைக் கூட்டிட்டு லாட்ஜுக்கு வரச் சொல்லு. போ."

பூட்டை மாட்டினாள். சாவி துவாரத்தில் நுழையவே இல்லை, ரெண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். அப்புறம் பெரியவரின் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"வாங்கண்ணே. அவங்க எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். விட்டுட்டு வந்ததே நான்தான்."